ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டும் போன் திட்டம் உண்மையிலேயே லாபமா?

நீலக்குயில்:
மூன்று நாளாக இதே யோசனையாக இருக்கிறது, கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். நான் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன், ஒரு தடவைக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள் (எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான், அதனால் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்). அதே நிறுவனம் ஒரு வருடத் திட்டத்தை 1000-க்குத் தருகிறது. 12 மாதத்துக்கு 1200 ஆகும் இடத்தில் 1000 என்றால் 200 மிச்சம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1000-ஐ மொத்தமாகக் கொடுத்துவிட்டு நடுவில் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று கை வரமாட்டேன் என்கிறது. அம்மாவின் எண்ணுக்கும் நான்தான் போடுகிறேன், அதற்கும் இதே கேள்வி.

மருதம்07:
எடுத்துவிடுங்கள் சகோ. மாதாமாதம் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளும் தொல்லை ஒழியும், அதற்கே அந்தக் காசு தகும்.

எண்கணக்கு:
அவசரப்படாதீர்கள். நீங்கள் 'மாதம்' என்று சொல்வது உண்மையில் எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். பல ப்ரீபெய்டு திட்டங்கள் 28 நாளுக்குத்தான் ஓடும். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. அதாவது ஒரு வருடத்தை ஓட்ட உங்களுக்கு 13 ரீசார்ஜ் வேண்டும், 12 போதாது. அப்படியானால் ஒப்பிட வேண்டியது 1300-ஐயும் 1000-ஐயும். மிச்சம் 200 இல்லை, 300.

இப்போது அடுத்த கேள்வி, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். போட்ட 1000 எப்போது திரும்பும்? 10 ரீசார்ஜுக்கான காசை முன்கூட்டியே கொடுத்திருக்கிறீர்கள். 10 தடவை 28 நாள் என்றால் 280 நாள். அதற்கு முன்பு ஏதோ ஒரு காரணத்தால் அந்த சிம்மை விட்டுப் போனால் நஷ்டம், அதைத் தாண்டி இருக்கிற ஒவ்வொரு நாளும் லாபம். ஆறாவது மாதத்தில் விட்டுப்போனால் 300 மிச்சப்படுத்தப் போய் முந்நூற்றுச் சொச்சத்தை இழந்திருப்பீர்கள். ஆகவே திட்டம் மலிவா என்பதைவிட, இன்னும் 280 நாளுக்கு உங்கள் வீடு, வேலை, போன், பயன்பாடு எதுவும் மாறாது என்று கையடித்துச் சொல்ல முடியுமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாறாது என்றால் தயங்கவே வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: முதல் ரீசார்ஜுக்கு எப்படியும் 100 கொடுத்திருப்பீர்கள், அதற்கு மேல் இன்று கூடுதலாகக் கொடுப்பது 900. பதிலுக்கு அடுத்த 12 ரீசார்ஜும், அதாவது 1200, கட்டாமல் தப்பிக்கிறீர்கள். வட்டியாகப் போட்டுப் பார்த்தால் 28 நாளுக்கு ஏறத்தாழ 4.7 சதவீதம் வருகிறது. எந்த வங்கி வைப்பும் இதன் கிட்டே வராது. ஆனால் கையில் காசு இல்லாமல் கடன் அட்டையில் போட்டு, பாக்கியை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதாக இருந்தால் வேண்டாம். அங்கே ஓடும் வட்டி இந்த லாபத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

சிட்டுக்குருவி:
எண்கணக்கு சொன்ன அந்த 280 நாளை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வருடத் திட்டம் போட்டு நான்காவது மாதத்தில் வீடு மாறினோம். பழைய வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் பேசலாம். புது வீட்டில் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தால் மட்டும் இரண்டு கோடு காட்டும், கையில் எடுத்துக் காதில் வைத்தால் அந்த இரண்டும் போய்விடும். அதனால் யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டு, அடுப்புச் சத்தத்துக்கு மேல் குனிந்து பேச வேண்டும். அலுவலக அழைப்புகள், குழந்தையின் பள்ளியிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் அங்கேதான். புகார் கொடுத்தேன். "உங்கள் பகுதியில் சேவை வழக்கம்போல் இயங்குகிறது" என்று ஒரே பதில், மூன்று தடவை. கட்டிய காசில் மிச்சத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன், விதியில் இடமில்லை என்றார்கள்.

கடைசியில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை வாங்கி மாதாமாதம் அதற்கும் கட்டினேன். எட்டு மாதம் இரண்டு செலவு. அந்த வருடம் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெளியே போனது. வீடு மாறப்போகிறோம் என்பது திட்டம் போடும்போதே பேச்சில் இருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நீலக்குயில்:
ஐயோ, அந்த ஜன்னல் திட்டு கண்முன்னே நிற்கிறது. எனக்கு வீடு மாறும் எண்ணம் இல்லை. ஆனால் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே, அப்போது மிச்ச நாள்களும் கூடவே வருமா?

வழிப்போக்கன்:
வராது. எண் மட்டும்தான் வரும். மிச்ச நாள், மிச்ச டேட்டா, கணக்கில் கிடக்கும் இருப்பு எல்லாம் பழைய இடத்திலேயே முடிந்துபோகும். பின்கட்டண இணைப்பு என்றால் பாக்கியைத் தீர்க்க வேண்டும், ஒப்பந்தக் காலம் மிச்சமிருந்தால் முன்கூட்டியே வெளியேறுவதற்கான கட்டணமும் கேட்பார்கள். ஆகவே 'எப்போது வேண்டுமானாலும் மாறலாம்' என்ற உரிமை வருடத் திட்டக்காரருக்குப் பெயரளவில்தான் இருக்கிறது, ஏனென்றால் மாறினால் கட்டிய காசு போச்சு.

இன்னொன்று, யாரும் இன்னும் கேட்கவில்லை: இரண்டு திட்டத்திலும் உள்ளே இருப்பது ஒன்றுதானா? 28 நாள் திட்டத்தில் நாளுக்கு எத்தனை ஜிபி, வருடத் திட்டத்தில் எத்தனை? பலமுறை பார்த்திருக்கிறேன், விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள், டேட்டா அளவு கீழே சின்ன எழுத்தில் குறைந்திருக்கும்.

நீலக்குயில்:
பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரி. இப்போதைய திட்டத்தில் நாளுக்கு 1.5 ஜிபி. வருடத் திட்டத்தில் நாளுக்கு 1 ஜிபி. அது முடிந்தால் 'வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைக்கப்படும்' என்று போட்டிருக்கிறது. கூடுதல் டேட்டா வேண்டுமென்றால் 1 ஜிபிக்கு 20, அதுவும் அன்று நள்ளிரவு வரைக்கும்தான். 64 என்றால் வாட்ஸ்அப்பாவது ஓடுமா?

வழிப்போக்கன்:
எழுத்துச் செய்தி போகும், ஆனால் நிதானமாக. 64 கிலோபிட் என்பது நொடிக்கு 8 கிலோபைட். 3 எம்பி அளவுள்ள ஒரு படம் வந்து சேர 6 நிமிடத்துக்கு மேல் ஆகும். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கவோ காசு அனுப்பும் செயலியைத் திறக்கவோ முயன்றால் பாதியில் நின்றுபோய் 'மீண்டும் முயலவும்' என்று காட்டும். 'வரம்பில்லாத' என்று விளம்பரத்தில் எழுதுவது இந்த மெதுவான நெட்டையும் சேர்த்துத்தான். அதனால் அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு, முழு வேகத்தில் எத்தனை ஜிபி என்பதை மட்டும் பாருங்கள்.

நாளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நாளுக்கு 1 ஜிபி, வருடத்துக்கு 365 ஜிபி என்று கணக்குக் காட்டுவார்கள். ஆனால் இன்று 300 எம்பி மட்டும் பயன்படுத்தினால் மிச்சம் 700 நாளைக்கு வராது, நள்ளிரவோடு அழியும். நாளைக்கு 1300 தேவைப்பட்டால் கூடுதல் காசு. சராசரி சரியாக இருந்தும் தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது பாதகம். மொத்தமாக ஒரு அளவைக் கொடுத்து, அதை எந்த நாளில் வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளுங்கள் என்று விடுகிற திட்டம் இருந்தால் அதைத் தேடுங்கள்.

செந்தாழை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே மாதிரி ஒரு குழப்பம். போனையும் சேர்த்துத் தருகிற இரண்டு வருட ஒப்பந்தம். மாதம் 100, போன் 'இலவசம்'. சிம் மட்டும் எடுத்தால் மாதம் 60. என் போன் ஐந்து வருடப் பழசு, மாற்றியே ஆக வேண்டும்.

எண்கணக்கு:
இலவசம் என்ற சொல்லை ஓரமாக வையுங்கள் அக்கா. 100-இல் 60 கழித்தால் 40. 24 மாதம் என்றால் 960. அதுதான் நீங்கள் போனுக்குக் கொடுக்கிற விலை. அதே மாதிரிப் போன் வெளியே என்ன விலை என்று பாருங்கள். 750 என்றால் நீங்கள் 210 கூடுதலாகக் கொடுக்கிறீர்கள், தவணை வசதிக்கான வட்டி என்று அதை வைத்துக்கொள்ளலாம். வெளியே 950 என்றால் பெரிய வித்தியாசம் இல்லை, மொத்தமாகக் காசு இல்லாதவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

ஆனால் மூன்று விஷயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 24 மாதம் முடிந்ததும் கட்டணம் தானாக 60-க்கு இறங்குமா? பல இடங்களில் இறங்காது, நீங்களாகக் கேட்கும்வரை 100 போய்க்கொண்டே இருக்கும், போனுக்கான காசை எப்போதோ கட்டி முடித்த பிறகும். அப்புறம், ஒப்பந்த நடுவில் அவர்கள் கட்டணத்தை உயர்த்தலாம் என்ற விதி இருக்கிறதா? அது இருந்தால் 24 மாதமும் 100 என்று போட்ட கணக்கு நிற்காது. கடைசியாக, போன் அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா, பூட்டை எப்போது எடுத்துவிடுவார்கள் என்பதையும் கேளுங்கள். சிட்டுக்குருவிக்கு நேர்ந்ததுபோல் சிக்னல் போய்விட்டால், பூட்டிய போனில் வேறு சிம்கூடப் போட முடியாது.

செந்தாழை:
வெளி விலை 780. நான் காசு சேர்த்துத் தனியாகவே வாங்கிக்கொள்கிறேன். முதலில் பழைய போனுக்குப் புது பேட்டரி மாற்றிப் பார்க்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, மந்தமாக இருப்பதைவிட சார்ஜ் நிற்காததுதான் எனக்கு முக்கியமான தொல்லை.

மருதம்07:
நான் முதலில் ஒரே வரியில் எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன், ஏன் என்று சொல்லாமல் விட்டேன். என் அப்பாவுக்காகத்தான் நான் வருடத் திட்டம் எடுத்தது. அவர் நெட் பயன்படுத்த மாட்டார். பேச மட்டும்தான். வங்கி ஓடிபி, ஓய்வூதியம், மருத்துவமனைப் பதிவு எல்லாமே அந்த எண்ணில். ஒருமுறை நான் ஊரில் இல்லாதபோது ரீசார்ஜ் முடிந்துவிட்டது, அவருக்குச் செய்யத் தெரியாது, என்னைக் கூப்பிடவும் முடியவில்லை. இரண்டு நாள் நான் கூப்பிட்டும் கிடைக்காமல் பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் நன்றாகத்தான் இருந்தார், நான்தான் நன்றாக இல்லை. அன்றைக்கே வருடத் திட்டம் போட்டேன். அவருடைய வீடும் மாறாது, பழக்கமும் மாறாது. சிட்டுக்குருவி சொன்ன ஆபத்து எதுவும் அவருக்கு இல்லை. ரீசார்ஜ் இல்லாமல் ரொம்ப நாள் கிடந்தால் எண்ணை முடக்கிவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்ற பயமும் போனது.

ஆனால் ஒன்று கவனியுங்கள்: பழைய போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு நீண்ட காலத் திட்டம் போடும் முன் அந்தப் போன் 4ஜி வழியாகப் பேசுமா என்று பாருங்கள். 2ஜி, 3ஜி சேவைகளை உலகம் முழுக்க ஒவ்வொரு இடமாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். நடு வருடத்தில் அது நின்றால் திட்டம் இருக்கும், போன் பேசாது.

சிட்டுக்குருவி:
பெரியவர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது, எஸ்எம்எஸ் எண்ணிக்கையையும் பாருங்கள். என் அத்தை வாட்ஸ்அப் பக்கமே வரமாட்டார், எல்லாம் எஸ்எம்எஸ்தான், அதுவும் தமிழில்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70 இடம்தான், அதைத் தாண்டினால் இரண்டு செய்தி. அந்த 70-லும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'தமிழ்' என்று எழுதினாலே ஐந்து இடம் போய்விடும். நலம் விசாரித்து நான்கு வரி எழுதினால் மூன்று செய்தியாகிவிடுகிறது. அத்தையின் வருடத் திட்டத்தில் எஸ்எம்எஸ் நாளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் வருடத்துக்கே ஒரு மொத்த எண்ணிக்கையாக இருந்தது, நாங்கள் கவனிக்கவில்லை, ஏழாவது மாதமே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு செய்திக்குச் செய்தி காசு.

எண்கணக்கு:
நல்ல தகவல், இது எனக்கே தெரியாது.

நீலக்குயில், முடிவெடுக்கும் முன் கடந்த மூன்று ரீசார்ஜில் நாள்வாரியாக எவ்வளவு டேட்டா போயிருக்கிறது என்று நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். போனின் அமைப்புகளில் பார்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை, ஐபோனில் 'தற்போதைய காலம்' என்று காட்டுவது நாமாக அழிக்கும்வரை கூடிக்கொண்டே போகும், அதை ஒரு மாதக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

நீலக்குயில்:
பார்த்தேன், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். முதல் ரீசார்ஜில் 19 ஜிபி, இரண்டாவதில் 22, மூன்றாவதில் 33. அந்த மூன்றாவதில் வீட்டு இணைய இணைப்பு பழுதாகி இரண்டு வாரத்துக்கு மேல் போனிலிருந்துதான் வேலை பார்த்தேன். நாள்வாரியாகப் பார்த்தால் 1 ஜிபியைத் தாண்டிய நாள்கள்: முதலாவதில் 2, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 17.

வருடத் திட்டத்தில் இருந்திருந்தால் அந்த 17 நாளுக்கு மட்டும் குறைந்தது 340 கூடுதலாகக் கட்டியிருப்பேன். மிச்சம் பிடிப்பதே 300 தான். ஒரு பழுதில் வருட லாபம் மொத்தமும் போயிருக்கும்! சாதாரண மாதமாகவே ஓடினாலும் ஒரு ரீசார்ஜுக்கு 2 நாள் தாண்டினால் வருடத்துக்கு 26 நாள், அதற்கு 520. சராசரியைப் பார்த்து 'நான் நாளுக்கு முக்கால் ஜிபிதான் பயன்படுத்துகிறேன், 1 ஜிபி தாராளம்' என்று நினைத்திருந்தேன். தாண்டுகிற நாள்களை எண்ணிப் பார்க்கவே இல்லை.

வழிப்போக்கன்:
தாண்டுகிற நாளில் எல்லாம் காசு கட்ட வேண்டும் என்று இல்லை, இரவு பத்து மணிக்குத் தீர்ந்தால் தூங்கப் போய்விடலாம். ஆனால் வேலைக்குப் பயன்படுத்துகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது, உங்கள் கணக்கு உங்களுக்குச் சரி. அதே 1.5 ஜிபியோடு மூன்று மாதத் திட்டம் ஏதும் இருக்கிறதா?

நீலக்குயில்:
இருக்கிறது. 84 நாளுக்கு 270.

எண்கணக்கு:
அப்படியானால் அதைப் பாருங்கள். 365-ஐ 84-ஆல் வகுத்தால் 4.35 வருகிறது, 270-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு ஏறத்தாழ 1173. வருடத் திட்டத்தைவிட 173 கூடுதல், ஆனால் டேட்டா குறையவில்லை, 84 நாளுக்கு ஒருமுறை வெளியே போகக் கதவு திறக்கிறது. 28 நாள் திட்டத்தோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 127 மிச்சம். அந்த 173-ஐ நான் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். சிக்னல் கெட்டாலோ, வேறு இடத்தில் நல்ல திட்டம் வந்தாலோ அதிகபட்சம் ஒரு 270-இல் கொஞ்சம்தான் போகும். கட்டணங்கள் ஏறப்போகின்றன என்று பேச்சு அடிபட்டால் மட்டும் நீண்ட திட்டத்தின் பக்கம் சாய்வேன், முன்பணம் கட்டியவருக்குப் பழைய விலை காலம் முடியும்வரை நிற்கும். ஆனால் விலை இறங்கினால் அதுவும் அவரை வந்து சேராது.

மருதம்07:
இசிம் (தனி அட்டை போடாமல் போனுக்குள்ளேயே பதிந்துகொள்ளும் சிம்) வசதி உள்ள போன் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது சகோ. எண்ணை உயிரோடு வைத்திருக்க மட்டும் ஒரு மலிவான நீண்ட காலத் திட்டம், டேட்டாவுக்கு எங்கே மலிவோ அங்கே இசிம்மில் மாதாமாதம். ஒன்று மோசமானால் எண் போகாது.

நீலக்குயில்:
என் போனில் இசிம் இல்லை, அடுத்த போனில் பார்க்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். எனக்கு 84 நாள். அம்மாவுக்கு வருடத் திட்டம்தான், அம்மாவின் போனில் மொபைல் டேட்டா பெரும்பாலும் அணைத்தே இருக்கும், வீட்டு வைஃபைதான், மூன்று ரீசார்ஜிலும் சேர்த்து 1 ஜிபிகூடப் போகவில்லை. எஸ்எம்எஸ் நாளுக்கு 100 என்றுதான் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டேன். போன் 4ஜி வழியாகப் பேசுகிறது. ஒரே ஒரு சந்தேகம்: அம்மாவின் இப்போதைய திட்டத்தில் இன்னும் 11 நாள் மிச்சம் இருக்கிறது. வருடத் திட்டத்தை இன்றே போட்டால் அந்த 11 நாள் என்ன ஆகும்?

வழிப்போக்கன்:
நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலவற்றில் புதியது வரிசையில் காத்திருந்து, பழையது முடிந்ததும் தொடங்கும். சிலவற்றில் புதியது அந்த நிமிடமே தொடங்கி, பழைய நாள்கள் அழிந்துவிடும். காசு கட்டும் பக்கத்தில் 'தொடங்கும் நாள்' என்று காட்டும், அதில் இன்றைய தேதி இருந்தால் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள்.

நீலக்குயில்:
இன்றைய தேதிதான் காட்டியது. வெளியே வந்துவிட்டேன். 11-வது நாள் மாலைக்கு அலாரம் வைத்திருக்கிறேன், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் நாள்காட்டித் தாளில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்.